நிற்கிற மோட்டார்

ராணியம்மாள் சொன்னதைப் பலராமன் ஏழு வருஷமாக நம்பவில்லை. நம்பிவிட்டால் ஜானி பாஷா முகம் கண்ணில் வந்து நிற்கும் என்பதும் ஒரு காரணம்.

எழுபத்தெட்டில், அடி அண்ணாமலையில் இருந்த அவருடைய மாவு மில்லில் மோட்டார் அடிக்கடி தானாக நின்றுபோகும். மிளகாய் ஒரு பிடி அதிகம் விழுந்தால் போதும். டக்கென்று ஸ்டார்ட்டர் விழுந்து கரண்டை நிறுத்திவிடும்.

“இன்னா பாய், இது மோட்டாரா, தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையா? தொட்டதுக்கெல்லாம் கோச்சிக்குது!” என்றார் பலராமன்.

மெக்கானிக் ஜானி பாஷா தலைநிமிரவில்லை. “ஸ்டார்ட்டர் ஸ்க்ரூவைக் கம்மியா வெச்சிருக்கேங்க. ஜாஸ்தி வெச்சா நிக்காம ஓடும். ஆனா எது மாட்டினாலும் இழுத்துக்கினே ஓடும்.”

“எது மாட்டப்போவுது? நின்னாத்தானே உன்னைக் கூப்பிடுவோம். நல்ல பொழப்புய்யா!”

மாவுக்கு நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். மில்லில் கூலிக்குத் தானியம் கொட்டுகிற ராணியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஜானி பாஷா அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பலராமன் அதோடு விடவில்லை. பாய் கூலிக்காக வேண்டுமென்றே மோட்டாரை நிற்கவைக்கிறார் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். ஒரு வருஷத்தில் பாய்க்கு இந்தப் பக்கம் வேலையே இல்லை. குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார்.

புதிய மெக்கானிக் ஸ்க்ரூவை ஜாஸ்தியாகத் திருகிய பிறகு மோட்டார் நிற்கவேயில்லை. மறுநாளே ராணியம்மாள் வேலை வேண்டாம் என்றாள்.

“கொழுப்பு” என்றார் பலராமன்.

இரண்டு வருஷம் கழித்து, சந்தையில் பாயைப் பற்றி அவர் ஏளனமாகப் பேசியபோதுதான் அவள் வாய் திறந்தாள்.

“எனக்கு அப்பவே கண்ணு மங்கலுங்க. ஒருதபா முந்தானை பெல்ட்டுல மாட்டிப் போயிடுச்சி. பாய்தான் ஓடியாந்து நிறுத்தினாரு. உங்களுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அன்னிக்குத்தான் ஸ்க்ரூவைக் கம்மி பண்ணாரு.”

யாருக்கோ வேண்டி ஒருத்தன் தன் பேரைக் கெடுத்துக்கொள்வானா? கட்டுக்கதை என்றே வைத்துக்கொண்டார்.

போன வாரம் இலவசக் கண் முகாம். வரிசையில் அவருக்கு முன்னால் ராணியம்மாள்.

“பத்து வருஷத்துக்கு மேலேயே பார்வை போயிட்டிருக்கு. ஏம்மா அப்பவே வரலை?” என்று டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார்.

வெளியே, சுவரைத் தடவிக்கொண்டு போனவளைப் பலராமன் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தார். வாயில் வந்தது வேறு.

“அன்னிக்கே நீ எங்கிட்ட சொல்லியிருந்தா, நான் ஸ்க்ரூவைக் கம்மி பண்ணியிருப்பேனா ராணி, இல்ல உன்னை வேலையிலேர்ந்து நிறுத்தியிருப்பேனா?”