பிரான்சிஸ் அண்ணன் செய்த பெடல்

திண்டிவனத்து பிரான்சிஸ் அண்ணன் கிடார்காரர்களுக்காகத் தன் கையால் செய்த ஓவர்டிரைவ் பெடல்கள் மொத்தம் பதினொன்று. காலடியில் வைக்கும் அந்தச் சின்னப் பெட்டியின் நாப் குமிழைத் திருகினால் கிடார் சத்தம் கரகரத்துத் தடிக்கும். அவர் இறந்த பிறகும் வாங்கியவர்கள் வாட்ஸ்அப் குழுவில் அதன் பெருமையையே பேசிக்கொண்டிருந்தார்கள். "சுடுமணல்ல மல்லாட்ட வறுக்கற மாதிரி கரகரப்பு, ஆனா காதுல குத்தாது" என்று எழுதினார் விழுப்புரம் வேங்கடேசன். குறை ஒன்றுதான். வாசித்துக்கொண்டிருக்கும்போதே நாப் தானாகத் திரும்பிச் சத்தத்தை இறக்கிவிடும். லூசாகிவிட்டது என்று ஆளாளுக்குப் புதிது வாங்கி மாட்டினார்கள். புதிதும் இறங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தென்னரசு தன் பெடலை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே போனான்.

"வாசிப்பா, கேட்டு எவ்ளோ நாளாச்சு" என்றார் அண்ணன் மனைவி இருதயமேரி.

அண்ணனுடைய ஆம்ப்ளிஃபயரிலேயே மாட்டி வாசித்தான். பாதிப் பாட்டில் அக்கா நெற்றியில் கை வைத்தார். நாப் மெதுவாக இறங்கியது.

"தலைவலியாக்கா?"

"எப்பவும் வர்றதுதாம்பா. அவரு இங்கதான் டெஸ்ட் பண்ணிக்கினு இருப்பாரு. நான் நெத்தியில கை வெச்சா போதும், சத்தத்தக் கொறைச்சிருவாரு. வாயத் தொறந்து நான் சொன்னதே இல்ல."

தென்னரசின் போன் அதிர்ந்தது. குழுவில் வேங்கடேசன் எழுதியிருந்தார்: "இப்பதான் என்னுது எறங்குச்சி." கீழே கூட்டேரிப்பட்டிலிருந்து இன்னொருவர்: "என்னுதும்."

தென்னரசு பதில் போட்டான்.

"கொஞ்ச நேரம் யாரும் ஏத்தாதீங்க. அக்காவுக்குத் தலைவலி."