முன் சக்கரத்துக் கரி

பைக்கின் முன் சக்கரத்தைக் கழுவக் குனிந்த வைகுண்டராஜுக்கு முகம் சுண்டிப்போனது.

வண்டி விஷயத்தில் அவர் கொஞ்சம் கிறுக்குதான். கூடலூர் மெயின் ரோட்டில் பெயின்ட் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை வாசலில் நிறுத்தி, பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல் குளிப்பாட்டுவார். வேறு யாரும் கை வைக்கக்கூடாது. பொங்கலுக்கு ஊரே வெள்ளையடித்ததில் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்க வேண்டியதாயிற்று. இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது.

ஷாம்பு போட்டார், போகவில்லை. துணியில் டீசலை நனைத்து, டிஸ்க்கில் பட்டுவிடாமல் துடைத்தார். அப்போதும் போகவில்லை. பிரேக் தேய்ந்து பறக்கிற கரித்தூள், அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி வீலின் இடுக்கெல்லாம் தீய்ந்து ஒட்டியிருந்தது.

நகத்தால் சுரண்டிப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

சமதளத்தில் ஓடுகிற வண்டியென்றால் இந்தத் தூள் தண்ணீருக்கே போய்விடும். இப்படி வெந்து பிடிக்க வேண்டுமானால், பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு மலை இறங்கியிருக்க வேண்டும். இங்கே மலை என்றால் குமுளிதான்.

அவ்வப்போது சனிக்கிழமைகளில் வண்டியை வாங்கிக்கொண்டு போகிறவன் அய்யாத்துரை. மனைவி சொர்ணலதாவின் தம்பி. இந்த வீட்டிலேயே தங்கி, அவர் கடையிலேயே வேலை பார்க்கிறான். எங்கே போகிறாய் என்று கேட்டால் கம்பத்துக்கு என்பான். கம்பம் போகிற வழியில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு மேடுகூடக் கிடையாது.

பொய் சொல்லிவிட்டு ஒருவன் குமுளிக்கு எதற்குப் போவான்? லாட்டரிச் சீட்டுக்குத்தான். இங்கே தடை, மலை ஏறினால் அடுத்த மாநிலம்; கடைக்குக் கடை தொங்குகிறது. போன மாதம்தான் பக்கத்துக் கடைக்காரர் மகன் லாட்டரிச் சீட்டுகளோடு மாட்டி, பஜாரே சிரித்தது. அதில் வைகுண்டராஜின் சத்தம் கொஞ்சம் கூடுதல். இனி அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். நினைக்கவே அவருக்கு உடம்பு கூசியது.

"ஏலே அய்யாத்துரை, இங்கன வா."

மானம் போய்விடுமே என்று பயந்த மனிதர், விசாரணையைத் தெருவில் வைத்தே ஆரம்பித்தார். கோபம் வந்தால் யாருக்குத்தான் அந்தப் புத்தி இருக்கிறது?

"நேத்து எங்க போன?"

"கம்பத்துக்குத்தான் மச்சான்."

"கம்பத்துக்குப் போன வண்டியில வீலு இப்படி வேகுமாலே? குமுளியில உனக்கு என்ன சோலி?"

அய்யாத்துரை அக்காள் நிற்கிற வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டான். வைகுண்டராஜுக்கு அதுவே போதுமாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

பல் துலக்குகிற பழைய பிரஷ் ஒன்றை அவன் காலடியில் எறிந்தார்.

"உக்காந்து தேய், நாலு பேரு பாக்கட்டும். முடிச்சதும் துணிமணிய எடுத்துக்கிட்டு உங்க ஊரப் பாத்துப் போ. ஒருத்தி ஓடிப்போயி என்னயத் தலகுனிய வச்சதே போதும்."

ஒருத்தி என்றது அவர் தங்கை சுபாஸ்ரீயை. ஸ்டீவன் என்கிற பையனைக் கட்டிக்கொண்டு போனவள். எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட வைகுண்டராஜ் விசாரித்ததில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

அய்யாத்துரை குத்தவைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். சொர்ணலதா விறுவிறுவென்று இறங்கி வந்து அவன் கையிலிருந்து பிரஷைப் பிடுங்கினாள்.

"நீ எந்திரி தம்பி. இந்தாங்க, அவன எதுக்கு வைறீக? நான்தான் அனுப்புனேன். உங்க தங்கச்சி குமுளியிலதான் இருக்கா. ஏழு மாசம். புருஷன் துபாயில. கம்பத்து டாக்டரம்மாகிட்டதான் காட்டுறா. இவன் மேல போயி கூட்டியாந்து, காட்டிட்டு, திரும்பக் கொண்டுபோயி விட்டுட்டு வர்றான். சொல்லிக் கேட்டிருந்தா வண்டியக் குடுத்திருப்பீகளா?"

வைகுண்டராஜுக்குக் காது இரண்டும் எரிந்தன. தெரு மொத்தமும் அவரையே பார்த்தது. கூட்டம் கூட்டினதும் அவரேதான்.

அய்யாத்துரை எழுந்திருக்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான்.

"வளைவுல மதினிக்கு அதிரக்கூடாதுன்னு பிரேக்க விடாமப் பிடிச்சே எறக்குவேன் மச்சான். அதுல தீஞ்சுபோச்சு. தப்புதான், மன்னிச்சிருங்க."

அவன் மன்னிப்புக் கேட்டதை அவரால் தாங்க முடியவில்லை. தங்கைக்கு ஏழு மாதம் என்பது அவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்ததற்குத் தன்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும் என்றும் புரிந்தது. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் சட்டென்று இறங்கி வர மனம் வரவில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு குற்றம் வேண்டியிருந்தது.

"அதுக்காக, மாசமா இருக்கிறவளப் பைக்குலயா கூட்டியாருவ? குமுளியில ஜீப்புக்கா பஞ்சம்?" என்றார்.

"ஜீப்புக்குத்தான் சொல்லி வச்சேன் மச்சான், மதினிதான் வேணாம்னுட்டாக" என்றான் அய்யாத்துரை. "பொறந்த வீட்டுல இருந்து ஏன் யாரும் வரலன்னு மாமியா கேக்குறாகளாம். எங்க அண்ணனுக்குக் கடையில ஒழிவு இல்ல, அதான் தான் ஓட்டுற வண்டியவே குடுத்து விடுறாகன்னு அங்கன பெருமையாச் சொல்லி வச்சிருக்காக."