எஃப்.சி. முடிந்த லாரி

கம்பத்து லாரி புக்கிங் ஆபீஸ் வாசலில், அடுக்கிய திராட்சைப் பெட்டிகளின் மேல் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. கேரளாவுக்கு லோடு ஏற்ற வந்த லாரியின் ஆர்.சி. புத்தகத்தை, அங்கே புக்கிங் எழுதும் மகிமா விரிக்கிறாள். முதல் உரிமையாளர் இம்மானுவேல். அவளுடைய அப்பா. அவர் இறந்த வருடம் விற்ற வண்டி. நீலம் போய் இப்போது மஞ்சள் பூசியிருக்கிறார்கள். பக்கத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் பதிந்த கிரீஸ் கறை அப்படியே இருக்கிறது. அதை ஒருமுறை தடவிவிட்டு, வண்டி ஓடத் தகுதியானது என்று சொல்லும் எஃப்.சி. தாளைப் பார்க்கிறாள். தேதி முடிந்து நான்கு நாள் ஆகிறது. “நாலே நாளுதானக்கா. உங்கப்பா வண்டிக்கே லோடு இல்லையாக்கும்?” டிரைவர் முத்துராஜா சிரிக்கிறான். “அப்பா இருந்தா உன்னைய வாசல்லயே திருப்பியிருப்பாக. பிரேக்கைக் காட்டி எஃப்.சி. வாங்கிட்டு வா, தம்பி. அப்புறம் மலை ஏறலாம்.” “அவரே தேவலை போல,” என்று முனகியபடி அவன் வண்டியைத் திருப்புகிறான். தெருமுனையில் ஹாரன் இரண்டு முறை ஒலிக்கிறது. அதே பழைய ஹாரன். அப்பா வீடு திரும்பும்போது அப்படித்தான் அடிப்பார். சோறு எடுத்து வைக்கப் போகிறவளைப் போல எழுந்துவிட்ட மகிமா, நின்றபடியே அடுத்த லாரியின் புத்தகத்துக்குக் கை நீட்டுகிறாள்.