வேப்பமரத்துத் தகுதித் தேர்வு

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இத்தனை பெரிய பிழையை இத்தனை தலைமுறைகளாகத் திருத்தாமல் விட்டிருக்கிறோம் என்பது வருந்தத்தக்கது. காக்கை எந்தக் குஞ்சையும் சும்மா பொன் என்று ஒப்புக்கொள்ளாது. முதலில் தேர்வு வைக்கும்.

ஒரு வேப்பமரத்துக் காக்கை வைத்த தேர்வு எளிமையானது. இரை வரும்போது எந்தக் குஞ்சு முதலில் தலைதூக்கி அகலமாக வாய் திறக்கிறதோ, அது மேதை. மேதைக்கு மீன் துண்டு. மற்றதற்குச் சோற்றுப் பருக்கை.

கூட்டில் இரண்டு குஞ்சுகள் இருந்தன. ஒன்று காக்கையுடையது. மற்றது, குயில் இட்டுவிட்டுப் போன முட்டையிலிருந்து முந்திக்கொண்டு பொரிந்தது. மீன் அதற்கே கிடைத்தது.

"அம்மா, அவன் எனக்கு முன்னாடியே பொரிஞ்சுட்டான். எனக்கு இன்னும் கழுத்தே நிக்கலை" என்றது காக்கைக் குஞ்சு.

"சாக்குச் சொல்லாதே. திறமைக்கு வயசு ஏதுடா?"

அப்பா காக்கைக்கு வேறொரு சந்தேகம். "பெரியவன் நம்ம ஜாடையாவே இல்லையேடி?"

"மேதைங்க எந்த வீட்டு ஜாடையில பொறந்திருக்காங்க? நீங்க போய் மீன் கிடைக்குதான்னு பாருங்க."

பருக்கை தின்ற சின்னவனுக்குத் தெம்பில்லை. அடுத்தடுத்த தேர்வுகளிலும் அவன் தலை எழவில்லை. பெரியவன் கொழுத்தான். ஒருநாள் எதிர்க்கிளைக்குப் பறந்து போய் உட்கார்ந்து, "கூ" என்று கூவினான்.

அப்பா காக்கை திடுக்கிட்டது. அம்மா காக்கைக்கோ கண் கலங்கிவிட்டது.

"கேட்டீங்களா? இந்த வயசிலேயே வேற்று மொழி பேசுறான்!"

மறுநாள் காலை முதல் சின்னவனுக்குக் கூவும் பயிற்சி ஆரம்பமானது. சாப்பாடு, பயிற்சி முடிந்த பிறகுதான்.