வெறும் வயிற்றின் சத்தம்

ஒலிப்பதிவு அறையில் விளக்கு அணைந்திருக்கிறது. திரையின் நீல வெளிச்சம் மட்டும், வீடியோ கேமுக்குச் சத்தங்கள் செய்துதரும் அக்காவின் மூக்குக்கண்ணாடியில் மினுங்குகிறது. திரையில் படைத்தலைவி பாய்ந்து வருகிறாள். மார்பில் இரண்டு இரும்புக் கிண்ணங்கள், இடுப்பில் ஒரு பட்டை, நடுவே வெறும் வயிறு. எதிரியின் வாள் அந்த வயிற்றின்மேல் விழுகிறது. அவளோ கொசு கடித்ததுபோல நிற்கிறாள். "இந்த இடத்துல டங்குனு ஒரு சத்தம் வேணும்," என்கிறார் இயக்குநர். அக்கா காயச் சத்தங்களுக்கென்று வைத்திருக்கும் தர்பூசணியை மைக்குக்கு அருகே இழுத்து, கத்தியால் ஒரே குத்து. சதக். செஞ்சாறு அவள் மணிக்கட்டில் வழிகிறது. "வெறும் வயித்துக்கு இதான் சத்தம், சார்." பின்னால் உட்கார்ந்திருக்கும், கேமுக்குப் படம் வரையும் ஓவியப்பெண் சிரிப்பை அடக்கக் குனிகிறாள். படைத்தலைவிக்குக் கழுத்திலிருந்து தொடைவரை மூடிய கவசம் ஒன்றை அவள் வரைந்து கொடுத்ததும், 'அழகா இல்லையே' என்று அது திரும்பி வந்ததும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அக்கா ஒரு தகரத்தட்டைத் தன் வயிற்றில் வைத்து வாரால் இறுக்கிக்கொண்டு நிமிர்கிறாள். அந்த நிற்பைப் பார்க்க இரண்டு கண் போதாது. "பயப்படாம அடிம்மா," என்று இரும்பு அளவுகோலை ஓவியப்பெண்ணிடம் நீட்டுகிறாள். டங்! இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தேவிடுகிறார். "இதான்! இதேதான் எனக்கு வேணும்!" அக்கா நிதானமாக வாரை அவிழ்க்கிறாள். "தாராளமா எடுத்துக்குங்க சார். முதல்ல இந்தப் பொண்ணு வரைஞ்ச கவசத்த அந்தப் படைத்தலைவிக்கு மாட்டி விடுங்க."