தாய்மாமன் மொய்

தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மொய் வைக்காமல் வேறு யாரும் வைக்க மாட்டார்கள் என்பதால், மண்டபமே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலை போனவன் பணத்தை வங்கியே காவல் காக்கிற காலம் இது. ஆனால் மொய் செலவில்லையே, திரும்பி வருகிற பணமாயிற்றே, விட்டுவிடும் என்று நம்பி மொய் இயந்திரத்தில் விரலை வைத்தேன். வழக்கம்போல அது மைக்கிலேயே வாசித்தது.

"சௌந்தரபாண்டி. வேலை இழந்து நாற்பத்தோராம் நாள். அரிசி, மருந்து, பஸ்ஸுக்கு மட்டும் அனுமதி. மொய் அநாவசியச் செலவு."

வேலை போனதை நான் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய் பார்க்கில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்புவேன்.

பக்கத்தில் நின்ற என் மனைவி கயல் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தள்ளுங்க, நான் வைக்கிறேன்" என்று விரலை நீட்டினாள்.

"கயற்கண்ணி. வேலை இழந்து அறுபத்து மூன்றாம் நாள்..."

அவளும் தினமும் எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்புகிறவள்தான். எங்களுக்குப் பின்னால் வரிசை அப்படியே நின்றது. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

"நீ எந்தப் பார்க்?" என்றேன்.

"ரயில்வே ஸ்டேஷன்" என்றாள். "அங்க ஃபேன் ஓடும்."