ஏறாத பெயர்

“முந்நூத்திப் பன்னெண்டு பேர்ல ஒருத்தன் மட்டும் ஏற மாட்டேங்கிறான். மூணு நாளா உயிரை வாங்குறான்!”

கணினிப் பிரிவுக்காரர் கீபோர்டைத் தள்ளிவிட்டு நெற்றியைத் தேய்த்தார். எதிர் மேசைப் பெண் எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தாள். சிவப்பில் நின்ற பெயரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இவரா! லேசுல எதுக்கும் அசைய மாட்டாரேண்ணே.”

“பதினோரு வருஷமா ஒரே நாற்காலியைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கான். ஆபீஸே தன் தலையிலதான் ஓடுதுன்னு நெனப்பு. ஒரு லிஸ்ட்ல ஏறத் துப்பில்ல!”

மறுநாள் ஆடிட். ஊழியர் பட்டியல் முழுவதையும் புதிய பாதுகாப்பு சாஃப்ட்வேரில் ஏற்றினால்தான், யாருக்கு எந்தக் கதவு, எந்த ஃபைல் திறக்கும் என்று ஆடிட்டருக்குக் காட்ட முடியும். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த இடைவெளியை நீக்கினார். பிறந்த தேதியை மாதம் முன்னால் வரும்படி திருப்பிப் போட்டார். பெயரையே அழித்துவிட்டு எழுத்தெழுத்தாக மறுபடி அடித்தார். சிவப்பு போகவில்லை.

“பிறந்த தேதியில தப்பில்ல. பிறந்ததுதான் தப்பு போல.”

அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார்.

“ஒரு பேர்தானே? அதை விட்டுட்டு மத்ததை அனுப்பிடுங்களேன்.”

“அதெப்படி சார்? ஒருத்தனை மட்டும் அம்போன்னு விடுறதா?”

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

வேறு வழியின்றி கணினிப் பிரிவுக்காரர் சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கே போன் போட்டார். எடுத்த பெண், அவர் ஏற்றப் பார்த்த பட்டியலைத் திறந்தாள்.

“ஃபைல் சரியாத்தான் இருக்கு சார். வலது ஓரத்துல சில கட்டங்களை மறைச்சு வச்சிருக்கீங்களோ?”

“ஆமாம்மா. ஸ்கிரீன்ல அடங்கலைன்னு...”

“அதைத் திறங்க. ‘வேலை முடியும் தேதி’ன்னு ஒண்ணு இருக்கா? உங்க ஹெச்.ஆர்.ல இவருக்கு மட்டும் இந்த வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்காங்க. வேலையை விட்டுப் போறவங்களை எங்க சாஃப்ட்வேர் சேர்த்துக்காது சார்.”

அவர் திறந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சார், லைன்ல இருக்கீங்களா? எதுக்கும் அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்.”

“அந்த ஆள் நான்தாம்மா,” என்றார் அவர். “எனக்கே இப்பதான் தெரியுது.”